வக்கீலையே வேட்டையாடும் கட்சிக்காரன்: 'தி பிராக்டிஸ்' வில்லியம் ஹிங்க்ஸ் கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழே கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வருகின்றன. பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இது எந்தத் தொடர்?

'தி பிராக்டிஸ்'. அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1997 முதல் 2004 வரை எட்டு சீசன் ஓடிய நீதிமன்றத் தொடர். பாஸ்டன் நகரத்தில் பணத்துக்குத் தத்தளிக்கும் ஒரு சிறிய கிரிமினல் வக்கீல் அலுவலகம்தான் களம். உருவாக்கியவர் டேவிட் ஈ. கெல்லி. அவரே பாஸ்டனில் வக்கீலாக இருந்துவிட்டு எழுத வந்தவர் என்பதால், சட்ட நுணுக்கங்களை எங்கே வளைக்கிறோம் என்பது தெரிந்தேதான் வளைப்பார். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதை 1998, 1999 என்று இரண்டு வருடம் தொடர்ந்து வாங்கியது.

இங்கே பேசப்போவது ஐந்தாவது சீசனில், அதாவது 2000-2001இல், பல எபிசோடுகளில் விட்டுவிட்டு வரும் வில்லியம் ஹிங்க்ஸ் கதையை.

ஹிங்க்ஸ் யார்? கதை சுருக்கமாக?

பார்த்தால் ஒரு சாதாரண ஆள். மெதுவாகப் பேசுவான், மரியாதையாக உட்காருவான். நகரத்தில் நடந்த தொடர் கொலைகளைச் செய்தவன் நான்தான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அவனுக்காக ஆஜராகும் அந்த அலுவலகத்து வக்கீல் லின்ட்சே டோல், இவன் கொலைகாரன் அல்ல, தன்னைக் கொலைகாரனாக நினைத்துக்கொண்டிருக்கும் மனநோயாளி என்று வாதாடுகிறார். அந்த வாதம் எடுபட்டு ஹிங்க்ஸ் வெளியே வந்துவிடுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, அவன் சொன்னது பொய்யில்லை என்று. அவனுடைய கவனமும் லின்ட்சே பக்கம் திரும்புகிறது.

முடிவில் ஹிங்க்ஸ் கொல்லப்படுகிறான், அந்தக் கொலைக்காக லின்ட்சேயின் கணவரும் அலுவலகத் தலைவருமான பாபி டானலே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்கிறது.

காப்பாற்றிவிட்டவரை ஏன் பழிவாங்க வேண்டும்? இது நம்பும்படியாக இல்லையே?

என்னைக் கேட்டால் கதையிலேயே நம்பும்படியான இடம் இதுதான். ஹிங்க்ஸின் கோணத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஊரே நடுங்கும் காரியத்தைச் செய்தவன் தான் என்று முன்வந்து சொல்கிறான், இந்த அம்மா நீதிமன்றத்தில் எழுந்து நின்று 'இவன் அந்தப் பெரிய கொலைகாரன் இல்லை, பாவம், ஏதோ பிரமையில் உளறுகிறான்' என்று நிரூபித்துவிடுகிறார். சட்டப்படி அது விடுதலை, ஆனால் அவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அதனால் அவன் லின்ட்சேயைச் சீண்டும்போது அதில் மிரட்டலைவிட 'இப்போதாவது நம்புகிறாயா?' என்ற தொனிதான் அதிகம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அவன் சீண்டலுக்குப் பலம் கொடுப்பதே லின்ட்சேயின் தொழில் விதிதான். வேறு யாரிடம் இப்படிப் பேசினாலும் அடுத்த நிமிடம் போலீஸுக்குப் போன் போகும், கட்சிக்காரன் சொன்ன ரகசியத்தை வெளியே சொல்ல முடியாத ஒரே ஆளிடம் பேசுவதில்தான் அவனுக்குச் சுகம். இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பதும் எனக்கு இந்த ஒரு விஷயம்தான், ரத்தமும் கத்தியும் இல்லை.

'நான்தான் கொன்றேன்' என்று ஒருவனே சொன்ன பிறகு எப்படி அவனை வெளியே விடுவார்கள்?

சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் பொதுவாக, நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, அதைத் தாங்கிப் பிடிக்க வேறு சாட்சியம் கொஞ்சமாவது வேண்டும். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1984இல் ஃபோர்ட் என்ற வழக்கில் இதைத் தன் மாநிலத்துக்கும் கொண்டுவந்தது. ஆனால் அங்கே வரம்பு ரொம்பச் சின்னது: குற்றம் கற்பனை இல்லை, நிஜமாகவே நடந்தது என்று காட்டினால் போதும். ஹிங்க்ஸ் விஷயத்தில் பிணங்கள் இருக்கின்றன, அதனால் இந்த விதி அவனைக் காப்பாற்றாது. லின்ட்சே போன வழி வேறு. வாக்குமூலம் கொடுத்தவனின் மனநிலையையே கேள்விக்குள்ளாக்கி, நியாயமான சந்தேகம் எழுப்புவது.

இது கதைக்காகக் கட்டிய வாதமும் இல்லை. 1932இல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டபோது செய்யாத குற்றத்தைத் தாங்கள்தான் செய்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் 200 பேருக்கு மேல் என்று சொல்வார்கள். 1980களில் ஹென்றி லீ லூகாஸ் என்பவன் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான், அதை வைத்துப் பல மாநிலப் போலீசார் தங்கள் பழைய வழக்குகளை எல்லாம் மூடினார்கள், பிறகு பார்த்தால் பல கொலைகள் நடந்த சமயத்தில் அவன் வேறு ஊரில் இருந்திருக்கிறான். அவனுடைய மரண தண்டனையையே 1998இல் டெக்சாஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் ஆயுளாகக் குறைத்தார். ஆனால் ஒன்று, லூகாஸ் நிஜமாகவே சிலரைக் கொன்றவன். பொய்யாக ஒப்புக்கொள்கிறவன் கொலைகாரனாகவும் இருக்கலாம் என்பதால்தான் லின்ட்சேயின் தவறு எனக்கு அலட்சியமாகத் தெரியவில்லை.

உண்மை தெரிந்த பிறகு மறுபடியும் வழக்குப் போடலாமே?

முடியாது. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். ஒரு கொலையில் விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டால், மறுநாள் நீதிமன்ற வாசலில் நின்று 'நான்தான் செய்தேன்' என்று கத்தினாலும் அதே மாநிலம் அந்தக் கொலைக்காக அவனைத் தொட முடியாது. வேறொரு கொலைக்கு வழக்குப் போடலாம். சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொல்லியிருந்தால் அதற்காகப் போடலாம். அவ்வளவுதான்.

சரி, மிரட்டுகிறான் என்று தெரிந்ததும் லின்ட்சே நேராகப் போலீஸுக்குப் போயிருக்கலாமே, ரகசிய விதி அதையுமா தடுக்கும்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். தொடரும் இதைக் கொஞ்சம் குழப்பித்தான் வைத்திருக்கிறது.

முதலில் நடந்துமுடிந்த குற்றத்தையும் நடக்கப்போகும் குற்றத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். 'போன வருடம் ஒருத்தியைக் கொன்றேன்' என்று கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னால் அது ரகசியம். வக்கீல் சாகும்வரை ரகசியம். கட்சிக்காரன் செத்தாலும் ரகசியம்தான் என்று 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 'அடுத்த வாரம் ஒருத்தியைக் கொல்லப்போகிறேன்' என்றால் கதை வேறு. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வக்கீல் வாயைத் திறக்கலாம் என்று அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகள் 1983லிருந்தே சொல்கின்றன. திறக்கலாம் என்றுதான் சொல்கின்றன, திறந்தே ஆக வேண்டும் என்று அல்ல. சில மாநிலங்களில் மட்டும்தான் அது கட்டாயம். மிரட்டப்படுவது வக்கீலே என்றால் அவர் தயங்க ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்று, வழக்கு முடிந்து இவர் வக்கீல் அவன் கட்சிக்காரன் என்ற உறவே அறுந்த பிறகு அவன் வீட்டு வாசலில் வந்து நின்று பேசுவது சட்ட ஆலோசனை கேட்கும் பேச்சு இல்லை, அதனால் அதற்கு அந்தப் பாதுகாப்பே கிடையாது.

இதே பாஸ்டனில் நடந்த ஒரு நிஜ வழக்கு இதற்குப் பொருத்தமானது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவரை வேலையை விட்டு நீக்கி, வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார்கள். இலவச சட்ட உதவி கேட்டு வந்தவர், பேச்சுவாக்கில் கட்டடத்தைக் கொளுத்தப்போவதாக வக்கீலிடம் சொல்கிறார். வக்கீல் யோசித்துப் போலீஸுக்குச் சொல்லிவிடுகிறார். போலீஸ் போய்ப் பார்த்தால் புகை எச்சரிக்கைக் கருவிகள் கழற்றப்பட்டிருக்கின்றன, பெட்ரோல் வைத்திருக்கிறார்கள். வழக்குப் பதிவாகிறது. அப்புறம் அரசுத் தரப்பு அந்த வக்கீலையே சாட்சிக்குக் கூப்பிடுகிறது. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1997இல் (தொடர் ஆரம்பித்த அதே வருடம்) கொடுத்த தீர்ப்பின் சாரம் இது: ஆபத்தைத் தடுக்க வக்கீல் எச்சரித்தது சரி, அதற்காக அவரையே கூண்டில் ஏற்றிக் கட்சிக்காரருக்கு எதிராகப் பேச வைக்க முடியாது, அந்தப் பேச்சே குற்றத்துக்கு உதவி கேட்டு நடந்தது என்று காட்டினால் தவிர.

நிஜத்தில் எந்த வக்கீலாவது இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறாரா?

மாட்டியிருக்கிறார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்தும் வழக்கு, நியூயார்க் மாநிலத்து லேக் பிளெசன்ட்.

1973 கோடையில் அடிராண்டாக் மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த ஓர் இளைஞனைக் கொன்றதாக ராபர்ட் கேரோ என்பவன் பிடிபடுகிறான். ஃபிராங்க் அர்மானி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்று இரண்டு வக்கீல்கள். அவர்களிடம் கேரோ இன்னும் சில கொலைகளைச் சொல்கிறான், காணாமல்போன இரண்டு இளம்பெண்களின் உடல்கள் எங்கே கிடக்கின்றன என்பதையும் சொல்கிறான். வக்கீல்கள் நேரிலேயே போய்ப் பார்க்கிறார்கள். ஒன்று ஒரு பழைய சுரங்கக் குழியில், இன்னொன்று சிரகியூஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில். படம் எடுக்கிறார்கள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தகப்பனார் அர்மானியின் அலுவலகத்துக்கே வந்து கெஞ்சியும், தெரிந்த விஷயத்தைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

1974 விசாரணையில் பைத்தியம் என்ற வாதத்துக்காகக் கேரோவே கூண்டில் ஏறி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வக்கீல்கள் வாயைத் திறக்க முடிந்தது. ஊர் கொதித்துவிட்டது. இறந்த உடலுக்கு முறையான அடக்கம் செய்ய வேண்டும் என்ற சுகாதாரச் சட்டத்தைக் காட்டி பெல்ஜ் மீது வழக்கே போட்டார்கள், 1975இல் அது தள்ளுபடியானது. சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது, ஆனால் அர்மானியின் தொழில் படுத்துவிட்டது, உடம்பும் கெட்டது.

கதை அதோடு முடியவில்லை. கேரோ நடக்க முடியாதவன் மாதிரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காலம் தள்ளி, பாதுகாப்புக் குறைவான சிறைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு, 1978 செப்டம்பரில் எழுந்து வேலி ஏறித் தப்பிவிட்டான். போலீஸார் அர்மானியிடம் போனார்கள். அவன் எப்படி ஒளிவான் என்று, தூரம் ஓடாமல் பக்கத்துப் புதரிலேயே அசையாமல் கிடப்பான் என்று, இந்த முறை அவர் சொன்னார். சில நாளில் சிறைக்குப் பக்கத்திலேயே அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த ஐந்து வருடத்தையும் யோசித்துப் பார்த்தால் ஹிங்க்ஸ் கதை அடக்கி வாசித்த மாதிரிதான் இருக்கிறது.

ரகசியம் காத்ததால் நிரபராதி யாராவது உள்ளே போயிருக்கிறாரா?

சிகாகோவில் ஆல்டன் லோகன். 1982இல் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக் காவலாளியைச் சுட்டுக் கொன்றதாக ஆயுள் தண்டனை. நிஜத்தில் சுட்டவன் ஆண்ட்ரூ வில்சன் என்று அவனுடைய வக்கீல்கள் இருவருக்கும் தெரியும். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டிப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். வில்சன் தான் இறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருந்தான், 2007இல் இறந்தான், 2008இல் லோகன் வெளியே வந்தார். 26 வருடம். மாசசூசெட்ஸில் இது நடந்திருந்தால் வக்கீல்கள் முன்பே பேசியிருக்க முடியும், அங்கே 1998இல் வந்த விதிகளில் நிரபராதி சிறையில் இருப்பதைத் தடுக்கவும் ரகசியத்தை உடைக்கலாம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது.

தடை உத்தரவு வாங்க முடியாதா?

தொடர் வந்த காலத்தில் அவ்வளவு சுலபமில்லை. மாசசூசெட்ஸில் 1978இல் வந்த பாதுகாப்பு உத்தரவுச் சட்டம் குடும்பத்தார், கூட வசிப்பவர், காதல் உறவில் இருந்தவர் போன்றவர்களுக்கு மட்டும்தான். வக்கீலுக்கும் பழைய கட்சிக்காரனுக்கும் நடுவே அது பொருந்தாது. உறவு எதுவும் இல்லாத ஒருவரின் தொல்லைக்கு எதிராக உத்தரவு கேட்கலாம் என்ற தனிச் சட்டம் 2010இல்தான் வந்தது. பின்தொடர்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1992லேயே இருந்தது, ஆனால் அதற்கு ஒருமுறை வந்து பல்லிளித்துவிட்டுப் போனான் என்பது போதாது, தொடர்ந்து செய்தான், மிரட்டினான் என்று நிரூபிக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று விளையாடத் தெரிந்தவன்தான் ஹிங்க்ஸ்.

ஹிங்க்ஸாக நடித்தவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

மைக்கேல் எமர்சன். 'லாஸ்ட்' தொடரின் பென் லைனஸ், 'பர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' தொடரின் ஹெரால்ட் ஃபின்ச், இரண்டும் அவர்தான். ஹிங்க்ஸுக்கு முன் நாடக மேடையில்தான் அதிகம் இருந்தார், இளமையில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். இந்தப் பாத்திரத்துக்காக 2001இல் சிறப்பு விருந்தினர் எம்மி வாங்கியபோது நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார், அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது.

குரலை ஒருமுறைகூட உயர்த்த மாட்டார். வாக்கியத்தை முடித்துவிட்டு, எதிராளி பதில் சொல்லும்வரை கண்ணை எடுக்காமல் லேசான ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார், வாடகை வீடு பார்க்க வந்தவர் சுவரைப் பார்ப்பது மாதிரி. பென் லைனஸின் வித்துகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன.

சும்மா ஒரு தகவல்: நாடகத் தொடர்களின் சிறப்பு விருந்தினர் நடிகர் எம்மியை 1998 முதல் 2002 வரை ஐந்து வருடமும் இந்த ஒரே தொடருக்கு வந்தவர்கள்தான் தட்டிச் சென்றார்கள். முதலில் வாங்கியவர் ஜான் லாரகெட், அவர் செய்த ஜோயி ஹெரிக்கும் வக்கீல்களைச் சீண்டி மகிழும் கொலைகாரன்தான். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே சீண்டுவான்.

லின்ட்சேக்கு மட்டும் ஏன் இது திரும்பத் திரும்ப நடக்கிறது?

நியாயமான கேள்வி. மூன்றாவது சீசனில் கன்னியாஸ்திரி வேடத்தில் வந்த ஒருவன் அலுவலகத்திலேயே அவரைக் கத்தியால் குத்துகிறான், அது அதே அலுவலகத்து வக்கீல் எலினர் ஃப்ரட் வாதாடி விடுவித்த ஜார்ஜ் வோகல்மன் என்று தெரியவருகிறது. ஐந்தாவதில் ஹிங்க்ஸ். ஆறாவதில் லாரன்ஸ் ஓமாலி என்று இன்னொரு கட்சிக்காரன் மிரட்ட, லின்ட்சே அவனைச் சுட்டுக் கொன்று கொலைக் குற்றவாளியாகவே நிற்கிறார். மூன்று முறை! முதல் முறை அதிர்ச்சி, இரண்டாவது முறை நல்ல எழுத்து, மூன்றாவது முறை எழுத்தாளருக்கு வேறு யோசனை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கெல்லி வாரத்துக்கு வாரம் தானே எழுதித் தள்ளிய காலம் அது. இத்தனைக்கும் அதே அலுவலகத்து வக்கீல் யூஜீன் யங் கையாளும் ஆட்கள் இவர்களைவிட ஆபத்தானவர்கள், அவர் வீட்டுக்கு யாரும் கத்தியோடு வருவதில்லை.

மிரட்டியவனைச் சுட்டதற்குக் கொலைத் தண்டனையா? அது சட்டப்படி சாத்தியமா?

சாத்தியம்தான். வீட்டுக்குள் சட்டவிரோதமாக நுழைந்தவன் உயிருக்கு ஆபத்து விளைவிப்பான் என்று நியாயமாக நம்பினால், தப்பி ஓட வழி இருந்தாலும் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை என்று மாசசூசெட்ஸில் 1981இல் சட்டம் வந்தது. எல்லாம் அந்த 'சட்டவிரோதமாக நுழைந்தவன்' என்பதில் தொங்குகிறது. வந்தவன் வாசலில்தான் நின்றான், அல்லது கதவைத் திறந்துவிட்டது நீங்கள்தான் என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், காத்திருந்து சுட்டார் என்று காட்டிவிட்டால் முதல் நிலைக் கொலை. அங்கே மரண தண்டனை 1984லிருந்து இல்லை, பரோல் இல்லாத ஆயுள்தான். தொடரில் லின்ட்சேக்குக் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டில் உடைகிறது.

நிஜத்தில் வக்கீல்களுக்கு ஆபத்து இந்த மாதிரித் தொடர் கொலைகாரர்களிடமிருந்தா வருகிறது?

பெரும்பாலும் இல்லை. சொத்து, விவாகரத்து, குழந்தை யாரிடம் என்ற வழக்குகளில் தோற்ற சாதாரண மனிதர்களிடமிருந்து வருகிறது. 2003 அக்டோபர் கடைசி நாளில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் நீதிமன்ற வாசலில் ஒருவர் ஒரு வக்கீலைத் துப்பாக்கியால் சுட, அவர் ஒரு மெல்லிய மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒளிந்து உயிர் பிழைத்த காட்சி உலகம் முழுவதும் ஓடியது. வேறொரு பிரபல வழக்குக்காக வந்திருந்த கேமராக்கள் அதைப் பதிவு செய்துவிட்டன. சுட்டவரின் கோபம் ஓர் அறக்கட்டளைப் பணத்தை அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை என்பது. ஹிங்க்ஸ் மாதிரி நிதானமான புன்னகை எதுவும் அங்கே இல்லை.

ஐந்தாவது சீசனிலிருந்தே தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் மூன்றாவது சீசனின் வோகல்மன் கதையை முதலில் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹிங்க்ஸை முதலில் பார்த்ததும் லின்ட்சேயின் முகத்தில் வரும் அந்தத் தயக்கம் புரியாது. ஓமாலி கதையை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. எட்டாவது சீசனில் லின்ட்சேயைத் தேடாதீர்கள். 2003இல் சேனல் பட்ஜெட்டைப் பாதியாக வெட்டியபோது அவரும் பாபியும் உட்பட ஆறு பேரை நீக்கிவிட்டார்கள், அந்த இடத்துக்கு நடிகர் ஜேம்ஸ் ஸ்பேடர் வந்தார், அதிலிருந்து 'பாஸ்டன் லீகல்' என்ற தொடர் பிறந்தது. அது முற்றிலும் வேறு சுவை.